ஒரே தட்டு: ஹபஷாவின் மாயிதாவும் நமது சஹனும்

ஹபஷா என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் உள்ளத்தில் சில உருவங்கள் உடனே எழுகின்றன. சுடுமணலில் மார்பின் மீது பாறையைச் சுமந்து கிடந்த பிலால் (ரலி). அரசவையில் நின்று மர்யம் அத்தியாயத்தை ஓதிய ஜஅஃபர் (ரலி). அதைக் கேட்டுத் தாடி நனைய அழுத மன்னர் நஜ்ஜாஷி. ரபீஉல் அவ்வல் மேடைகளில் ஆண்டுதோறும் இவர்களைப் பற்றிக் கேட்கிறோம். மேடை கலைந்ததும் ஹபஷாவும் நம் நினைவிலிருந்து கலைந்துவிடுகிறது. அது எத்தியோப்பியா என்ற பெயரில் இன்றும் 10 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாடு என்பதும், அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள் என்பதும், அவர்களுக்கும் ஓர் அடுப்பும் ஓர் உணவும் உண்ணும் முறையும் உண்டு என்பதும் நம் எண்ணத்தில் வருவதில்லை. பல்லாண்டுகளாகச் சீறாப் பாடம் நடத்திவரும் நானும் இதற்கு விலக்கல்லன்.

இக்கட்டுரை ஓர் உணவகத்தில் தொடங்குகிறது. ஆய்வுக் கட்டுரைகள் வெளிவரும் ஏட்டில் உணவகத்திற்கு என்ன இடம் என்று வாசகர் ஐயுறலாம். ஹதீஸ் தொகுப்புகளில் உணவுக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, விரலைச் சூப்புவது ஈறாக எழுதி வைத்த இமாம்கள் அவ்வாறு ஐயுறவில்லை.

2018ஆம் ஆண்டு ஒரு குடும்ப அலுவலாகத் துபாய் சென்றிருந்தேன். எலவனாசூர்கோட்டையைச் சேர்ந்த, என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தேராப் பகுதியில் வேலை பார்த்து வருகிறார். ஒருநாள் இஷா தொழுகைக்குப் பின் “ஹஜ்ரத், ஹபஷாச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டார். தம் அறைத்தோழர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். கல்வராயன் மலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் அவர், இந்துச் சகோதரர். மூவருமாக நடந்தோம்.

ஒரு சந்துக்குள் நான்கு மேசைகள் மட்டுமே கொண்ட சிறு கடை. தாய் சமைக்கிறார், மகள் பரிமாறுகிறார், மகன் கல்லாவில் அமர்ந்திருக்கிறார். சுவரில் லாலிபெலாவின் பாறையைக் குடைந்தெடுத்த தேவாலயத்தின் படமும், அதனருகே ஹரார் நகரின் பழைய மதில் படமும் இருந்தன. முன்னது கிறித்தவர்களின் பெருமை. பின்னது முஸ்லிம்களின் பெருமை. தாயாரின் நெற்றியில் சிறு சிலுவை பச்சை குத்தப்பட்டிருந்தது. எத்தியோப்பிய மலைநாட்டுக் கிறித்தவப் பெண்கள் பலரிடம் காணப்படும் வழக்கம் அது. அதைக் கண்டதும் என் மாணவர் தயங்கி என் முகத்தைப் பார்த்தார். உண்ணலாமா என்பது வினா.

வினாவை மகளே தீர்த்துவைத்தார். நான் பேசிய இலக்கண அரபியைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தம் வளைகுடா அரபியில் சொன்னார்: இன்று புதன்கிழமை, எங்கள் அடுப்பில் இன்று இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை, நெய்யும் இல்லை.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் புதனும் வெள்ளியும் நோன்பு காக்கின்றனர். ஏனைய நீண்ட நோன்புக் காலங்களையும் சேர்த்தால் பொதுமக்களுக்கே ஆண்டில் 180 நாட்களுக்கு மேல் நோன்பு வரும். விலங்கிலிருந்து பெறும் எதையும் அந்நாட்களில் உண்பதில்லை. இதனால் பருப்பு, கடலை மாவு, கீரை, கோசு, பீட்ரூட் ஆகியவற்றைக் கொண்டே ஒரு முழுச் சமையற்கலை அங்கு வளர்ந்திருக்கிறது. பல வகைகளையும் ஒரே தட்டில் வைத்துத் தரும் நோன்பு உணவுக்கு ‘பெயாய்நெட்டு’ என்று பெயர். அன்று எங்களுக்குக் கிடைத்தது அதுவே.

அன்று புதன்கிழமையாக இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போம்? வேதம் அருளப்பட்டோரின் உணவு உங்களுக்கு ஆகுமானது என்ற கருத்தில் அமைந்த வசனம் அல்மாயிதா அத்தியாயத்தின் 5ஆம் வசனம். அதில் வரும் உணவு என்பது அவர்கள் அறுத்ததைக் குறிக்கும் என்பதே பெரும்பான்மை விரிவுரையாளர்களின் விளக்கம். அவர்தம் முன்னோர் அம்மார்க்கத்தைத் தழுவிய காலம் குறித்து ஷாஃபிஈ நூல்களில் கூடுதல் நிபந்தனைகள் பேசப்படுகின்றன. ஹபஷாவினர் கிறித்தவத்தை ஏற்றது மன்னர் எஸானாவின் காலத்தில், கி.பி. 4ஆம் நூற்றாண்டில், நபித்துவத்திற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் முன்பு. அமீரகத்தில் கடைக்கு வரும் இறைச்சியே ஹலால் முறையில் அறுக்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே அங்கு இவ்வினா பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடும். பிற நாடுகளில் எத்தியோப்பிய உணவகத்திற்குச் செல்வோர் இரண்டைக் கேட்டுக்கொள்வது நல்லது: இறைச்சி எவ்வகை, தேன் பானம் எவ்வகை. ‘தெஜ்’ என்பது புளிக்கவைத்த தேன் மது. ‘பெர்ஸ்’ என்பது புளிக்காத தேன் நீர்.

தட்டு வருவதற்குள் அத்தியாயத்தின் பெயரைப் பற்றி ஒரு சொல். மாயிதா என்றால் உணவு பரப்பிய விரிப்பு அல்லது மேசை. உணவு இல்லாதபோது அது ‘கிவான்’. உணவு வைத்தபின்பே ‘மாயிதா’ என்று அரபு அகராதியியலார் வேறுபடுத்துவர். ‘மாத – யமீது’ என்ற வினையடியிலிருந்து இச்சொல்லைப் பிறப்பிப்பது அவர்களின் மரபு. ஜெர்மானிய அறிஞர் நோல்டெக்கேயோ, ஹபஷாவின் பண்டைய கீஸ் மொழியில் மேசையைக் குறிக்கும் ‘மாஎத்’ என்ற சொல்லோடு இதை இணைத்தார். ஆர்தர் ஜெஃப்ரியும் குர்ஆனின் அயற்சொற்கள் பற்றிய தம் நூலில் இச்சொல்லை ஆராய்கிறார். 1938ஆம் ஆண்டு அந்நூல் அச்சானது நம் பரோடாவில்தான். கீழைத்தேய ஆய்வாளர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கல்ல. ஆயினும் இது அவர்கள் மட்டுமே பேசிய பொருளும் அன்று. வானத்திற்கும் பூமிக்கும் ஒளியான இறைவனின் ஒளிக்கு உவமை கூறும் வசனத்தில் வரும் ‘மிஷ்காத்’ என்ற சொல், அதாவது விளக்கு வைக்கும் மாடம், ஹபஷிகளின் மொழிச்சொல் என்று இமாம் ஸுயூத்தீ (ரஹ்) தொகுத்த பட்டியலிலேயே இருக்கிறது. குர்ஆனில் அயற்சொல் இல்லை என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. பிறப்பால் அயற்சொல்லாயினும் அரபுகள் எடுத்தாண்டபின் அது அரபுச்சொல்லே என்று இரு தரப்பையும் இணைத்தவர் அபூஉபைத் காஸிம் இப்னு ஸல்லாம் (ரஹ்).

அந்த ஓர் அத்தியாயத்திற்குள் எத்தனை ஹபஷா! ஈஸா (அலை) அவர்களின் தோழர்களாகிய ஹவாரிய்யூன்கள் வானிலிருந்து உணவு விரிப்பு இறங்கவேண்டும் என்று வேண்டிய வரலாறு அதன் இறுதிப் பகுதியில் வருகிறது. ஹவாரிய்யூன் என்ற சொல்லுக்கும் கீஸ் மொழியில் இணைச்சொல் உண்டு. முஸ்லிம்களிடம் அன்பால் நெருக்கமானவர்கள் தங்களைக் கிறித்தவர் என்று சொல்வோரே என்ற கருத்துடைய 82ஆம் வசனமும் அதில்தான் இருக்கிறது. அதை நஜ்ஜாஷியோடும் அவர்தம் தோழர்களோடும் தொடர்புபடுத்தி விளக்கிய முஃபஸ்ஸிர்கள் பலர்.

நஜ்ஜாஷியின் மாயிதாவில் நம் முன்னோர் உண்டதற்கும் பதிவு இருக்கிறது. அடைக்கலம் தேடிச் சென்ற உம்மு ஹபீபா (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அம்மன்னரே மணமுடித்துக் கொடுத்து, 400 தீனார் மஹரையும் தாமே வழங்கினார். சபையினர் எழ முற்பட்டபோது, மணத்திற்குப் பின் விருந்துண்பது நபிமார்களின் வழி என்று கூறி அமர்த்தி உணவளித்ததாக இப்னு ஸஅத் எழுதுகிறார். பின்னாளில் நஜ்ஜாஷியின் தூதுக்குழு வந்தபோது அண்ணலார் (ஸல்) தாமே எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள் என்றும், என் தோழர்களை இவர்கள் கண்ணியப்படுத்தினார்கள் என்பதைக் காரணமாகக் கூறினார்கள் என்றும் பைஹகீ பதிவு செய்துள்ளார்.

தட்டு வந்தது. வண்டிச் சக்கரம் போன்ற பெரிய வட்டத் தாம்பாளம். அதன் மீது தாம்பாளம் முழுவதையும் மறைத்து விரிந்த ‘இஞ்சிரா’. அதற்கு மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை எனக் குவியல் குவியலாகப் பருப்பும் கீரையும் கடலைக் குழம்பும். தனித்தட்டு இல்லை, கரண்டி இல்லை. சுருட்டி வைத்த இஞ்சிராத் துண்டுகள் ஓரத்தில் இருந்தன. அவற்றைப் பிய்த்து, குழம்பைப் பற்றி எடுத்து உண்ணவேண்டும். அவர்கள் நாட்டில் இத்தட்டு ‘மெஸொப்’ எனும் மூடியுள்ள பின்னற்கூடை மேசையின் மீது வைக்கப்படுமாம். இங்கே சாதாரண மேசைதான்.

இஞ்சிராவை நம்மவர்க்கு விளக்குவது எளிது. ‘டெஃப்’ என்பது கடுகைவிடப் பன்மடங்கு சிறிய ஒரு தானியம். அதன் மாவைக் கரைத்து, முந்தைய மாவின் புளித்த நீரைச் சிறிது ஊற்றி இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவிடுகின்றனர். பின்பு அகன்ற மண் கல்லில் வட்டமாக ஊற்றி மூடிவிடுகின்றனர். திருப்பிப் போடுவதில்லை. ஆப்பத்தைப் போல அடிப்புறம் மட்டும் வெந்து, மேற்புறம் ஆவியில் வேகிறது. எங்கும் சிறு துளைகள். அத்துளைகளுக்கு அவர்கள் மொழியில் ‘அய்ன்’ என்று பெயர் என மகள் சொன்னபோது நான் துள்ளிவிட்டேன். அரபியில் கண்ணுக்கும் அதுவே பெயர். தலைக்கு ‘ராஸ்’, வீட்டுக்கு ‘பேத்’, இரத்தத்திற்கு ‘தெம்’ என்று அவர் அடுக்கினார். அம்ஹாரிக்கும் அரபியும் ஒரே குடும்ப மொழிகள் என்பது நூலில் படித்ததுதான். எனினும் ஒரு தோசையின் துளையில் அதைக் காண்பது வேறு. புளித்த மாவாயிற்றே என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை; நம் இட்லி மாவுக்கு என்ன தீர்ப்போ அதுவே இதற்கும்.

எங்களுடன் வந்த அறைத்தோழர் முதல் துண்டைப் பார்த்ததும் “கேப்பை தோசை மாதிரி இருக்கு” என்றார். அவர் அறியாமலே சரியான இடத்தைத் தொட்டார். கல்வராயன் மலையில் விளையும் கேழ்வரகு, கிழக்கு ஆப்பிரிக்க உயர்நிலங்களில் முதன்முதலில் பயிராக்கப்பட்டு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து நம் நாட்டிற்கு வந்த தானியம். சோளமும் காராமணியும்கூட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையே. எங்கள் வட்டாரத்துக் களியும் கூழும் ஹபஷாவின் திசையிலிருந்து வந்த கொடை என்பதை எங்களுள் எத்தனை பேர் அறிவோம்?

ஆனால் அவர் உண்ணவில்லை. எழுந்து நின்றார். “ஐயா, நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. நான் தனியா ஏதாச்சும் வாங்கிக்கிறேன்” என்றார். மாணவர் கையைப் பிடித்து இழுத்தும் அமரவில்லை. காரணத்தை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அவர் தம் ஊரின் ‘காலனி’யைச் சேர்ந்தவர். எங்கள் மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் அச்சொல்லே போதும். அறையில் மாணவரோடு அன்றாடம் சேர்ந்துண்பவர்தாம். நடுத்தர வயதைக் கடந்த, தாடியும் தொப்பியுமாக ஊரிலிருந்து வந்திருக்கும் ஒருவர் அமர்ந்த தட்டில் கைவைப்பதற்கே அவர் கூசினார்.

அவர் கூச்சத்திற்கு நான் ஏன் காரணமானேன் என்று பிறகு நெடுநேரம் எண்ணினேன். நாம் சகோதரத்துவம் பேசும்போது தவறாமல் சஹனைச் சுட்டுகிறோம். தட்டு எனப் பொருள்படும் ‘ஸஹ்ன்’ என்ற அரபுச்சொல்லின் தமிழ் வடிவம் அது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திருமண விருந்துகளில் சுஃப்ரா விரித்து, படிக்கத்தில் கை கழுவி, பெரிய தட்டைச் சுற்றி அமர்கின்றனர். இலங்கையில் ஒரு சஹனுக்கு அறுவர் அமர்வது பெருவழக்கு. கடற்கரைப் பட்டினங்களின் வழக்கம் இது. எங்களைப் போன்ற உள்நாட்டு ஊர்களில் வாழை இலையில் தனித்தனியே பரிமாறுவதுதான் வழக்கம். எங்கள் இளைஞர்கள் ஒரு தட்டில் உண்ணப் பழகுவதே வளைகுடாவின் அறைகளில்தான்.

தமிழகத்தில் யார் யாரோடு உண்பது என்பது சிறிய செய்தியன்று. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டதால் 1924–25ஆம் ஆண்டுகளில் எழுந்த பூசல் இந்நாட்டின் அரசியலையே திருப்பியது. கேரளத்தின் செறாயியில் சகோதரன் ஐயப்பன் 1917இல் எல்லாச் சாதியினரையும் ஒரு பந்தியில் அமர்த்தியதற்காக ஊர் விலக்கத்திற்கு ஆளானார். சமபந்தி என்ற சொல்லே போராடிப் பெற்ற சொல். அப்படிப்பட்ட மண்ணில், ஒரு பந்தி மட்டுமன்றி ஒரே தட்டு என்பது நம் மார்க்கத்தின் பேசாத சான்று என்று நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன்.

என் பாட்டியார் வீட்டுக் கொல்லைப்புறச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. அதில் ஓர் அலுமினியத் தட்டும் ஒரு குவளையும் இருக்கும். வயல் வேலைக்கு வருவோர் உண்பதற்கு அவை. உண்டபின் அவர்களே கழுவிக் கவிழ்த்து வைக்கவேண்டும். பாட்டியார் ஐவேளைத் தொழுகை தவறாதவர். ஏழைக்கு ஈவதில் கை நீண்டவர். அத்தட்டில் அவர் இட்ட சோறு ஒருநாளும் குறைந்ததில்லை. ஆனால் அத்தட்டு வீட்டுக்குள் வந்ததில்லை. சிறுவனாக இருந்த நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை. வளர்ந்து, ஓதி, பட்டம் பெற்ற பின்னரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் இருந்த வழக்கம் அன்று அது. சஹன் நமக்குள்ளே சமத்துவத்தைக் காட்டியது உண்மை. அதற்கு வெளியே யாரை நிறுத்தினோம் என்பதும் உண்மை.

மார்க்கம் என்ன சொல்கிறது? சேர்ந்தோ தனித்தோ உண்பதில் குற்றமில்லை என்ற கருத்தில் அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனம் இடம் தருகிறது. துணைக்கு ஆள் கிடைக்காவிடில் பசியோடு காத்திருக்கும் வழக்கமுடைய அரபுக் குலத்தாரின் சங்கடத்தை நீக்க அது அருளப்பட்டது என்று விரிவுரையாளர்கள் எழுதுவர். ஆகவே தனித்தட்டு பாவமன்று. நோய், தூய்மை, வசதி போன்ற காரணங்களுக்காகத் தனித்து உண்போரைக் குறை சொல்லத் தேவையில்லை. திருமண மண்டபங்களில் நின்றுகொண்டு உண்ணும் புதுமுறையை நான் விரும்பேன்; ஆயினும் ஹராம் என்று எழுதமாட்டேன்.

சேர்ந்துண்பதே சிறப்பு என்பதற்கு அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் ஒரு ஹதீஸ் உள்ளது. உண்கிறோம், வயிறு நிறைவதில்லையே என்று தோழர்கள் முறையிட்டபோது, நீங்கள் பிரிந்து உண்கிறீர்கள் போலும். ஒன்றுகூடி இறைநாமம் கூறி உண்ணுங்கள், பரக்கத் உண்டாகும் என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) அறிவுறுத்தினார்கள். இதன் அறிவிப்புத் தொடர் பற்றி ஹதீஸ் கலையினரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிவிப்பவரை நாம் கவனிப்பதில்லை. அவர் வஹ்ஷீ இப்னு ஹர்ப் (ரலி): ஹபஷாவைச் சேர்ந்த அடிமை. உஹதுப் போரில் ஈட்டி எறிந்து ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றவர். பின்பு இஸ்லாத்தை ஏற்றார், ஏற்கப்பட்டார். ஆயினும் சிறிய தந்தையாரின் நினைவு வருத்தியதால், உம் முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள இயலுமா என்று பெருமானார் (ஸல்) கேட்டதாக புகாரீயில் வருகிறது. யமாமாப் போரில் பொய்யன் முஸைலிமாவை வீழ்த்தியதும் அதே ஈட்டி. பின்னாளில் ஹிம்ஸில் குடியேறினார். சபையில் முன்வரிசையில் அமர இயலாது போன அம்மனிதர் தம் சந்ததிக்கு விட்டுச்சென்ற செய்திகளுள் ஒன்று, சேர்ந்து உண்ணுங்கள் என்பது.

ஒரு தட்டில் உண்பதற்கு ஒழுங்குகளும் வேண்டும். சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரலி) தட்டெங்கும் கையை ஓடவிட்டபோது, இறைநாமம் கூறி, வலக்கையால், உனக்கு முன்னாலிருப்பதை உண் என்று கற்பித்தார்கள். நடுவில் பரக்கத் இறங்குவதால் ஓரத்திலிருந்து உண்ணச் சொன்னார்கள். உடனுண்போர் இசைந்தாலன்றி இரண்டு பேரீச்சம்பழங்களைச் சேர்த்து எடுப்பதைத் தடுத்தார்கள். நால்வர் தூக்கிவரும் ‘அல்கர்ரா’ என்ற பெரும் பாத்திரம் அண்ணலாரிடம் இருந்தது. கூட்டம் நெருக்கியபோது பிறருக்கு இடம்விட்டு மண்டியிட்டு அமர்ந்தார்கள். அடுத்தவனின் பங்கை உன் கண்முன்னே வைத்துக்கொண்டு உன் கையை அடக்கு என்பதே இவ்வளவுக்கும் சாரம். தனித்தட்டில் இப்பயிற்சிக்கு வாய்ப்பில்லை.

ஹபஷிகளிடமும் இதே ஒழுங்குகளைக் கண்டேன். தமக்கு முன்னாலிருப்பதையே எடுக்கின்றனர். இடக்கை தட்டில் படுவதில்லை. உண்ணும்போது யாரேனும் வந்தால் ‘எனிப்லா’, அதாவது ‘உண்போம் வாருங்கள்’, என்று அழைப்பது மரபு. ஒரே தட்டில் உண்டவர் ஒருவரையொருவர் காட்டிக்கொடார் என்பது அவர்களிடையே வழங்கும் மொழி. ஆனால் அவர்களின் தட்டையும் நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. அந்நாட்டில் கிறித்தவர் அறுத்ததை முஸ்லிம்கள் உண்பதில்லை. முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறித்தவர்கள் உண்பதில்லை. குர்ஆன் தரும் சலுகை ஒருபுறமிருக்க, நூற்றாண்டுகளாக இறைச்சியே அங்கு இரு சமூகங்களின் எல்லைக்கோடு. இறைச்சிக் கடைகளிலும் உணவகங்களிலும் சிலுவையோ பிறையோ அடையாளமாக இருக்கும். காப்பியைக்கூட முஸ்லிம்களின் பானம் என்று திருச்சபை நெடுங்காலம் விலக்கி வைத்திருந்தது; 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் மெனெலிக் காலத்தில்தான் அத்தடை தளர்ந்தது. ஒரே தட்டில் உண்ணும் அம்மக்களிடையேதான் 2020 நவம்பர் முதல் ஈராண்டுகள் திக்ராய்ப் போர் நடந்தது. நஜ்ஜாஷியின் அடக்கத்தலம் எனப் போற்றப்படும் நெகாஷ் பள்ளிவாசலும் 2020இல் குண்டுவீச்சில் சேதமுற்றது. எந்தத் தட்டும் தானாக எவரையும் சகோதரராக்கிவிடுவதில்லை. இறைச்சியில்லாத நோன்புத் தட்டில் மட்டும் இரு சாராரும் ஐயமின்றிக் கைவைக்க முடிகிறது. நாங்கள் புதன்கிழமையில் சென்றது நற்பேறே.

கடைக்குத் திரும்புவோம். அறைத்தோழர் நின்றுகொண்டிருப்பதைச் சமையலறையிலிருந்து தாயார் பார்த்துவிட்டார். உணவில் குறையோ என்று அஞ்சி வெளியே வந்தார். மகளிடம் ஏதோ கேட்டார்; மகள் என்னிடம் கேட்டார். அவருக்குத் தனித்தட்டு வேண்டுமாம் என்று அரபியில் சொல்ல வாய் திறந்தேன். சொல்லவும் கூசியது. அதை எப்படி மொழிபெயர்ப்பது? நான் விழித்ததைக் கண்டு, தாயார் தாமே ஒரு முடிவுக்கு வந்தார் போலும். ஒரு துண்டு இஞ்சிராவைக் கிழித்து, பருப்பைச் சுற்றிப் பந்தாக்கி, அந்த இளைஞரின் வாயருகே நீட்டினார்.

‘குர்ஷா’ என்பது இதன் பெயர். உடனுண்பவருக்கோ விருந்தினருக்கோ தம் கையால் ஒரு கவளம் ஊட்டுவது அவர்களின் உபசாரம்; மறுப்பது பெருங்குறை. மனைவியின் வாயில் கணவர் இடும் கவளத்திற்கும் நற்கூலி உண்டு என்ற ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் ஹதீஸை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அந்நிய ஆண் பெண் இடையே இவ்வழக்கம் நம் ஒழுங்குக்கு ஒவ்வாது என்பதையும் எழுதத்தான் வேண்டும். தாயின் வயதுடைய அப்பெண்மணி என் பக்கம் கை நீட்டவில்லை. என் தாடியே அவருக்கு விடை சொல்லியிருக்கும். அவ்விளைஞரோ தாயார் நீட்டிய கவளத்தை ஏற்றார். ஏற்றபின் நிற்க முடியவில்லை, அமர்ந்தார். நான் தட்டைச் சற்றே திருப்பி, கடலைக் குழம்பு அவர் முன்னால் வரும்படி வைத்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி என் கவளத்தை எடுத்தேன். அதன்பின் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

உண்டு முடித்ததும் காப்பி வந்தது. பச்சைக் கொட்டையை எங்கள் கண்முன்னே வறுத்து, புகையை எல்லோரும் முகரக் காட்டி, இடித்து, ‘ஜெபெனா’ எனும் மண்கூசாவில் காய்ச்சினார் மகள். அருகில் சாம்பிராணி புகைந்தது. மூன்று சுற்று அருந்தவேண்டும்: அபோல், தோனா, பரகா. மூன்றாவதன் பெயர் நம் பரக்கத்தேதான். காப்பி ஹபஷாவிலிருந்து செங்கடலைக் கடந்து யமன் சென்றது. இரவு திக்ருக்கு விழித்திருக்கும் ஸூஃபிகளே அதை முதலில் போற்றினர். மோக்கா துறையில் அடங்கியுள்ள அலீ இப்னு உமர் ஷாதுலீ (ரஹ்) அவர்களின் பெயரோடு அதன் வரலாறு இணைந்துள்ளது. மக்காவில் 1511இல் காயிர் பேக் என்ற அதிகாரி அதைத் தடைசெய்தார். கெய்ரோவிலிருந்து வந்த ஆணை அத்தடையைத் தளர்த்தியது. காப்பி ஆகும் என்று நிறுவ அப்துல்காதிர் ஜஸீரீ தனி நூலே எழுதினார். அந்த ஷாதுலிய்யாத் தரீக்காவின் திக்ரு மஜ்லிஸ்கள் இன்றும் காயல்பட்டினத்திலும் கொழும்பிலும் நடைபெறுகின்றன.

மூன்றாம் சுற்றுக்கு முன் தாம்பாளத்தை எடுக்க மகள் வந்தார். குழம்புகளெல்லாம் ஊறிய அடி இஞ்சிரா மட்டும் அதில் எஞ்சியிருந்தது. அதுவே மிகச் சுவையான பகுதி என்றார் மாணவர். உணவின் எப்பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள் என்ற கருத்துடைய ஹதீஸை அவருக்கு ஓதிக்கொடுத்தவன் நான்தான். அவர் அதை மூன்றாகக் கிழித்தார். அறைத்தோழர் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். இரண்டு முறை அது அங்கும் இங்குமாகப் போயிற்று. பிறகு அவர் சிரித்துக்கொண்டே அதை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை எனக்கு வைத்துவிட்டு மறுபாதியை உண்டார்.